அழகா, நோயா? கால் சிரைப் புடைப்பிற்கான அறுவையில்லா மருத்துவத்தின் வரலாறும் ஆற்காட்டுத் தோல் தொழில் வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

காலில் புடைத்துத் தெரியும் சிரைகளுக்கு அறுவையின்றி அளிக்கப்படும் மருத்துவம் இன்று பெரும்பாலும் அழகியல் சிகிச்சையாகவே அறியப்படுகிறது. ஆனால் அதன் மையமாக விளங்கும் ஊசி முறை, படுக்கையில் கிடக்காமல் வேலைக்குச் சென்றுகொண்டே பெறத்தக்க புறநோயாளர் மருத்துவமாகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. அழகு, நோய் என்னும் பகுப்பு பின்னர் உருவானது. இப்பகுப்பு நின்று உழைப்போரின் காலை எவ்வாறு பார்வையிலிருந்து விலக்கியது என்பதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிரைப் புடைப்பு, ஊசி மருத்துவம், தோல் தொழில், நின்று செய்யும் வேலை, ஆற்காடு, தொழிற்சாலைச் சட்டம்.

முன்னுரை

தோல் தொழிலின் வரலாற்றை எழுதியோர் பாலாற்றின் நீரையும் நிலத்தையும் பற்றி விரிவாகப் பேசியுள்ளனர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. ஆனால் அத்தொழிலில் நாள் முழுதும் நின்ற மனிதரின் கால், வரலாற்றுப் பொருளாக அரிதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. கெண்டைக்காலில் நீலநிறமாகப் புடைத்து நெளியும் சிரை, உழைப்பு உடலில் விட்டுச்செல்லக்கூடிய தடங்களுள் ஒன்று. அத்தடத்தை மருத்துவம் எப்பெயரால் அழைத்தது, சட்டம் எவ்வாறு நோக்கியது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

1. சொல்லும் பொருளும்

தமிழ்ச் சான்றுகளில் இப்பொருளைத் தேடுவோர் முதலில் சொற்சிக்கலை எதிர்கொள்கின்றனர். இன்றைய பாடநூல் தமிழில் இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுசெல்லும் குழல் சிரை. இதயத்திலிருந்து கொண்டுசெல்வது தமனி. உணர்வைக் கடத்துவது நரம்பு. மக்கள் வழக்கிலோ இம்மூன்றும் நரம்பு என்ற ஒரே சொல்லில் அடங்கும். காலில் சிரை புடைத்தால் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பதே பேச்சு வழக்கு. புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாயின் உடலிலும் நரம்பு எழுந்தே நிற்கிறது. அங்கு அது முதுமையின் அடையாளம். நோயாகவோ அழகுக்குறையாகவோ சுட்டப்படவில்லை.

பழைய ஆவணங்களைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். தோலின் மேற்பரப்பில் வலைபோலப் படரும் நுண்சிரைகள் இன்று ‘சிலந்தி வலைச் சிரைகள்’ எனப்படுகின்றன. தமிழ் அகராதிகளில் இடம்பெறும் ‘நரம்புச்சிலந்தி’ என்ற சொல் இதனைக் குறிப்பதன்று. அது காலிலிருந்து நூல்போல வெளிவரும் கினிப் புழு நோயின் பெயர். இந்நோய் இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக 2000ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்டது. பெயரொப்புமை கொண்டு இரண்டையும் ஒன்றாகக் கொள்வது சான்றுகளைத் தவறாகப் படிப்பதாகும்.

சுசுருத சம்கிதை, வலிமை குன்றியோர் மிகுதியாக உடலை வருத்துவதால் சிரைகள் சுருங்கித் திரண்டு உண்டாகும் முடிச்சைத் தனி நோயாக வகைப்படுத்துகிறது. உழைப்புக்கும் சிரைக்கும் உள்ள தொடர்பு அந்நூலிலேயே இடம்பெறுவது கவனத்திற்குரியது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் அட்டைவிடல், குருதிவாங்கல், கட்டு, ஒற்றடம் ஆகியன அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது உடற்கூற்றுச் சொற்களைத் தனித்தனியே வரையறுக்க நேர்ந்தது. அறிவியல் தமிழில் நரம்பும் சிரையும் பிரிந்த வரலாற்றில் அம்முயற்சிக்கு இடமுண்டு. பேச்சுத் தமிழ் அப்பிரிவை இன்றும் முழுமையாக ஏற்கவில்லை. எனவே ‘நரம்பு வலி’ என்று மருத்துவரிடம் கூறும் தொழிலாளி எதைக் குறிக்கிறார் என்பது கேட்டறிய வேண்டிய ஒன்றாகவே உள்ளது.

2. நிற்றலும் சிரையும்

காலின் சிரைகளில் குருதி, புவியீர்ப்புக்கு எதிராக மேலேற வேண்டும். இதற்கு இரண்டு துணைகள் உள்ளன. ஒன்று, சிரையின் உட்புறத்தில் மேல்நோக்கி மட்டுமே திறக்கும் தடுக்கிதழ்கள். இவற்றை 1603இல் பதுவா நகரின் பப்ரீசியசு விளக்கினார். மற்றொன்று, நடக்கும்போது சுருங்கிக் குருதியை மேலே தள்ளும் கெண்டைக்கால் தசை. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது; நடக்கத் தொடங்கியதும் அது 30 அளவுக்கும் கீழே இறங்குகிறது. ஆகவே நிற்பதைக் காட்டிலும் அசையாமல் நிற்பதே காலுக்குச் சுமை. தடுக்கிதழ்கள் செயலிழந்தால் குருதி கீழ்நோக்கித் திரும்பித் தேங்குகிறது. சிரை விரிந்து நெளிகிறது. நாளடைவில் வீக்கம், தோல் கறுத்தல், ஆறாத புண் என நோய் வளரக்கூடும்.

இதனைத் தொழிலோடு இணைத்துத் தெளிவாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி. 1700இல் வெளிவந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலில், நின்று வேலை செய்வோருக்கெனத் தனி இயல் ஒன்றை ஒதுக்கினார். கால் சிரைப் புடைப்பையும் புண்ணையும் அவர் நிற்றலோடு தொடர்புபடுத்தினார். இடையிடையே அமர்ந்தோ நடந்தோ நிற்றலைக் கலைக்க வேண்டும் என்பதே அவருடைய அறிவுரை. அதே நூலில் தோல் பதனிடுவோரின் நோய்களும் இடம்பெறுகின்றன. ஆனால் அப்பகுதியில் அவருடைய கவனம் நாற்றத்தின் மீதும் ஈரத்தின் மீதும் இருந்தது. தோல் தொழிலாளியை நாற்றத்தின் வழியாகவும் பிறரை நிற்றலின் வழியாகவும் காணும் இந்தப் பிரிவு, பிற்காலத்திலும் தொடர்ந்ததைக் கீழே காணலாம்.

இந்தியச் சூழலில் குறிப்பிடத்தக்க ஆய்வு 1972இல் வெளிவந்தது. தென்னிந்திய, வட இந்திய ரயில்வே தொழிலாளர்களை எஸ். எல். மல்கோத்ரா ஒப்பிட்டார். தெற்கில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினரிடமும் வடக்கில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடமும் சிரைப் புடைப்பு காணப்பட்டது. இவ்வேறுபாட்டிற்கு உணவுமுறையை அவர் முதன்மைக் காரணமாக முன்வைத்தார். 2005இல் வெளியான டென்மார்க் நாட்டுத் தொடராய்வோ, வேலைநேரத்தில் முக்கால் பங்கு நின்றோ நடந்தோ பணியாற்றும் பெண்களிடையே சிரைப் புடைப்பிற்காக மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 1.8 மடங்கு மிகுதி எனக் கண்டது. மரபு, வயது, பேறுகாலம், உடல் எடை ஆகியனவும் காரணிகளே. ஆகையால் ஒருவரின் காலில் தெரியும் சிரை இந்த வேலையால்தான் வந்தது என்று தனித்து மெய்ப்பிப்பது கடினம். சட்ட வரலாற்றில் இக்கடினம் ஒரு பங்கு வகித்தது.

3. ஊசியின் வரலாறு

1853இல் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் ஷார்ல் கப்ரியேல் பிரவாசு உருவாக்கிய சிறு பீற்றுக்குழல், மருந்தைக் குருதிக்குழலுக்குள் நேரே செலுத்தும் வழியைத் திறந்தது. அடுத்த ஆண்டில் அதே நகரின் டெக்ராஞ்சு, அயோடினும் டானினும் கலந்த கரைசலைப் புடைத்த சிரைகளில் செலுத்தினார். டானின் என்பது மரப்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பொருள். புரதத்தோடு பிணைந்து அதனை இறுகச் செய்வது. ஆற்காட்டு வட்டாரத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலைப் பதப்படுத்தியதும் இதே பண்பை நம்பியே. விலங்குத் தோலைக் கெடாமல் காக்கும் பொருள், மனிதச் சிரையை உள்ளிருந்து அடைக்கும் மருந்தாக அதே நூற்றாண்டில் பயன்பட்டது.

ஊசி முறையின் அடிப்படை எளிது. செலுத்தப்படும் மருந்து சிரையின் உள்ளுறையைச் சிதைக்கிறது, சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன, சிரை நார்போலாகி மெல்ல மறைகிறது, குருதி ஆழச் சிரைகளின் வழியே செல்கிறது. தொடக்கக் காலக் கரைசல்கள் கடும் அழற்சியையும் தொற்றையும் விளைவித்தமையால், 1894இல் லியோனில் கூடிய மருத்துவ மாநாடு இம்முறையைக் கைவிடுமாறு கருதியது. ஜெர்மனியில் லின்சரும் பிரான்சில் சிக்காரும் செறிந்த உப்புக்கரைசல், சோடியம் சாலிசிலேட்டு முதலியவற்றைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு மறுவாழ்வு அளித்தனர். 1946இல் சோடியம் டெட்ராடெசில் சல்பேட்டு அறிமுகமானது. உணர்விழப்பு மருந்தாக உருவான பாலிடோகனால், 1960களில் சிரை மருந்தாயிற்று. டப்ளின் நகரின் பேகன், ஊசிக்குப் பின் காலை இறுகக் கட்டி நோயாளியை உடனே நடக்கச் செய்யும் முறையை அதே காலத்தில் பரப்பினார். 2000இல் இத்தாலியின் டெசாரி, இரண்டு ஊசிக்குழல்களுக்கிடையே மருந்தையும் காற்றையும் மாறிமாறிச் செலுத்தி நுரையாக்கும் எளிய வழியைக் கண்டார்.

இவ்வரலாற்றில் ஊசி முறையின் பெருமையாகப் பேசப்பட்டது தோற்றம் அன்று. அது வேலையைக் கெடுக்காதது என்பதே. மல்கோத்ராவின் கட்டுரை வெளியான அதே 1972இல், அதே ஆய்விதழில், பியச்சாடும் வெட்டெலும் இங்கிலாந்தில் இரு முறைகளின் பொருளியலை ஒப்பிட்டனர். ஊசிமுறையின் செலவு அறுவையின் செலவில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. அறுவைக்கு உட்பட்டோர் ஏறத்தாழ ஒரு மாத வேலையையும், ஊசி போட்டுக்கொண்டோர் ஏறத்தாழ ஒரு வார வேலையையும் இழந்தனர். அறுவையில்லா மருத்துவத்தின் மதிப்பு அன்று கூலிநாளால் அளக்கப்பட்டது என்பதற்கு இது சான்று.

4. அழகியல் என்னும் பகுப்பு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1920களில் பெண்களின் ஆடை முழங்கால் வரை உயர்ந்தது. கால் பொதுவெளியில் காணும் உறுப்பானபோது, வலியில்லாத நுண்சிரையும் மருத்துவரைத் தேடச் செய்யும் குறையாயிற்று. 1930களில் நுண்சிரைகளுக்கு ஊசி போடும் முயற்சிகள் தொடங்கின. 1994இல் உருவான பன்னாட்டு வகைப்பாடு, நுண்சிரைகளை முதல் படியிலும், 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விரிந்த சிரைகளை இரண்டாம் படியிலும், ஆறாத புண்ணை ஆறாம் படியிலும் வைத்தது. 2010இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பாலிடோகனாலுக்கு அளித்த ஒப்புதலும் 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிரைகளுக்கே உரியது.

எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயதுக்குட்பட்டோரிடையே நடந்து 1999இல் வெளியான ஆய்வு, பத்தில் எட்டுப் பேருக்கும் மேற்பட்டோரிடம் நுண்சிரைகளைக் கண்டது. பெரும்பான்மையோரிடம் உள்ள ஒன்றைக் குறை என்று அழைப்பது சந்தைக்கு உதவும். அதே ஆய்வில் பெரிய சிரைப் புடைப்பு ஆண்களில் 40 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 32 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. சிரை நோய் பெண்களின் அழகுக்கவலை என்ற பொதுக்கருத்தை இவ்வெண்கள் தாங்கவில்லை.

மில்லிமீட்டர் கணக்கு மருத்துவருக்குத் தேவையானதே. வெளியே தெரியும் சிறு சிரையின் பின்னே ஆழத்தில் தடுக்கிதழ் கெட்டிருக்கலாம் என்பதால், அறிகுறிகள் இருப்பின் மீயொலிச் சோதனைக்குப் பின்னரே ஊசி போடுதல் முறையாகும். தோல் கறுத்தல், புண், ஒவ்வாமை, அரிதாக ஆழச் சிரையில் குருதி உறைதல் ஆகிய இடர்களும் உண்டு. ஆனால் அக்கணக்கு சிரையின் அகலத்தை அளக்குமே தவிர, அக்கால் எத்தனை ஆண்டுகள் எங்கே நின்றது என்பதை அளக்காது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் ஒருமைப்படுத்திய விலக்குகளில் அழகியல் சிகிச்சையும் ஒன்று. எனவே ‘அழகு’ என்ற சொல் ஒரு சிரையின் மீது விழுந்தவுடன், அதன் செலவு நோயாளியின் கைப்பணமாகிவிடுகிறது.

இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013இல் வேறு பாதையைக் காட்டியது. அறிகுறிகளுடன் கூடிய சிரைப் புடைப்பிற்கு முதலில் வெப்பத்தால் சிரையை அடைக்கும் முறை, அது பொருந்தாவிடில் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிடில் அறுவை என்று அது வரிசைப்படுத்தியது. ஒரே ஊசி ஓரிடத்தில் நோய்க்கு மருந்தாகவும் மற்றோரிடத்தில் அழகுப் பொருளாகவும் நிற்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

5. ஆற்காட்டுத் தோல் வட்டாரத்தின் கால்கள்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனப் பிரிந்த நிலப்பரப்பை உள்ளடக்கியது. இங்குள்ள தோல் ஊர்களின் வேலைமுறை இரு பெரும் மாற்றங்களைக் கண்டது. பட்டையால் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்த காலத்தில் உழைப்பு, சுண்ணாம்புக் குழியையும் துவர்ப்புக் குழியையும் சுற்றி அமைந்தது. சாய்ந்த கட்டையின் மீது தோலை விரித்துக் குனிந்து சதை நீக்குவது ஆண்களின் வேலை. 1903 முதல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் மேற்கொண்ட முயற்சிகளால் குரோம் பதனிடல் அறிமுகமாகி, பின்னர் சுழலும் மர உருளைகள் பரவின.

இரண்டாம் மாற்றம் பெண்களைத் தொழிலுக்குள் கொண்டுவந்தது. 1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைகளுக்குப் பின், அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுப்பதத் தோலும் காலணியும் ஊக்குவிக்கப்பட்டன. ஆம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் காலணி ஆலைகள் பெருகின. அவற்றில் பெண்களே பெரும்பான்மையர். தையல் பிரிவில் வேலை அமர்ந்தபடி நடைபெறும். வெட்டும் எந்திரம், அச்சின் மீது மேற்தோலை இழுத்துப் பொருத்துதல், மெருகூட்டல் ஆகியன நின்று செய்யும் வேலைகள். நகரும் பட்டையின் முன் நிற்பவருக்கு நடப்பதற்கும் இடமில்லை. பிறர் காலுக்கு அணி செய்யும் இத்தொழிலில், செய்பவரின் கால் சேலைக்கோ பர்தாவுக்கோ உள்ளே மறைந்துள்ளது. அங்கே சிரை காட்சிக்குரிய குறையன்று. மாலையில் கனக்கும், இரவில் குரக்குவலி எடுக்கும் உறுப்பு.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களைப் பட்டியலிட்டது. தோல் தொழிலுக்கு நெருக்கமான இரண்டு அதில் உண்டு: விலங்குத் தோலால் பரவும் அடைப்பான், குரோமியத்தால் வரும் புண். சிரைப் புடைப்பு அதில் இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையிலும் இல்லை. கிருமியும் வேதிப்பொருளும் தந்த நோய்கள் சட்டத்தில் பெயர் பெற்றன. நிற்றல் தந்தது பெறவில்லை. ராமசீனியின் நூலில் கண்ட பிரிவே இங்கும் தொடர்கிறது. இதன் விளைவு ஆய்வாளருக்கும் உண்டு. அறிவிக்கப்படாத நோய் பதிவேட்டில் ஏறுவதில்லை. பதிவேட்டில் ஏறாதது வரலாற்றில் இல்லாததாகத் தோற்றமளிக்கிறது.

6. வேலூரின் முன்னுதாரணமும் இருக்கைச் சட்டமும்

உடலில் தெரியும் தடத்தின் பின்னே உள்ள அழுத்தத்தைக் கண்டறிந்த முன்னுதாரணம் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதப்புண்களை ஆராய்ந்தார். புண் நோயின் தவிர்க்கவியலா விளைவு என்பதே அன்றைய நம்பிக்கை. உணர்விழந்த பாதம் மீண்டும் மீண்டும் தாங்கும் அழுத்தமே புண்ணை உண்டாக்குகிறது என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் நிறுவினர். அதன்பின் மருத்துவத்தின் மையம் களிம்பிலிருந்து காலணிக்கு நகர்ந்தது. நுண்துளை ரப்பரால் ஆன மென்காலணிகள் வேலூரிலும் 1955இல் தொடங்கிய கரிகிரி மையத்திலும் மருந்துக்கு நிகராயின.

சிரைப் புடைப்பில் அக்காலணிக்கு ஒப்பானது இருக்கை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்யக் கடமைப்பட்ட அனைவருக்கும் அமர்வதற்குத் தக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதனைத் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் 44ஆம் பிரிவு அவ்விருக்கையை, வேலைக்கிடையே வாய்க்கும் ஓய்வைப் பயன்படுத்துவதற்கென்றே வழங்கியது. ஓய்வு வாய்க்குமா என்பதை மணிக்கு இத்தனை இணை என்ற இலக்கு முடிவு செய்யும்போது, இருக்கை இருந்தும் கால் நிற்கிறது. கடைப் பணியாளர் நிலை வேறு வழியில் வெளிப்பட்டது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் நடத்திய ‘அமரும் உரிமை’ப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 2018இல் சட்டம் திருத்தப்பட்டது; 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. நிற்றல் உடலைப் பாதிக்கும் என்பதை அங்கு மருத்துவ அட்டவணைக்கு முன்பே தொழிலாளரின் கோரிக்கை ஏற்கச் செய்தது. நெடுநேரம் அசையாது அமர்தலும் காலுக்கு நலமன்று என்பதால், மாறிமாறி அமர்தலும் நடத்தலுமே ராமசீனி முதல் இன்றுவரை கூறப்படும் வழி.

முடிவுரை

கால் சிரைக்கான ஊசி மருத்துவம் உழைப்போரின் கூலிநாளைக் காத்தல் என்னும் காரணத்தோடு வளர்ந்து, காலம் மாறியபோது அழகியலின் பெயரால் விற்கப்படுவதாயிற்று. இம்மாற்றத்தால் அம்மருத்துவம் தவறானதாகிவிடவில்லை. தோற்றத்தை முன்னிட்டு அதனை நாடுவோரின் விருப்பமும் மதிக்கத்தக்கதே. ஆனால் ஆற்காட்டுத் தோல் வட்டாரத்தை முன்வைத்துப் பார்க்கையில், அழகு என்ற பகுப்பு நின்று உழைத்த காலுக்குக் காப்பீட்டையும் சட்டப் பெயரையும் எட்டாதவையாக்கத் துணைநின்றது புலனாகிறது. ஊசியால் அடைக்கப்பட்ட சிரைக்குரியவர் மறுநாளும் அதே பட்டையின் முன் அசையாமல் நின்றால், வேறொரு சிரை விரிவதற்கான சூழல் மாறாமலே இருக்கும். ஆலை மருத்துவமனைக் குறிப்புகள், தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருந்தகப் பதிவுகள், ஓய்வுபெற்ற பெண் தொழிலாளரின் வாய்மொழி ஆகியவற்றைச் சேர்த்துத் தொகுப்பின் இவ்வட்டாரத்தின் நிற்றல் வரலாற்றை எழுத இயலும். அத்தொகுப்பில் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்ற தொடருக்கு உரிய பொருளை அறிந்து பதிவது ஆய்வாளரின் முதற்பணியாக அமையும்.